ஆக்சிஜனோடு எதைச் சேர்ப்பது, எல்.பி.ஜி.யா அசிட்டிலீனா? கானாடுகாத்தான் பழுதுவேலைக்கு ஒரு கேள்வி

வளவுப்பழுது எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளில் மராமத்து வேலை எடுத்துச் செய்கிறேன். மரவேலைக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் ஆள் இருக்கிறது. இரும்பு, பித்தளை என்று வந்தால் மட்டும் கழற்றி ஆட்டோவில் போட்டுக் காரைக்குடிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. போகிற வழியிலேயே பாதி சாமான் இன்னும் இரண்டாக உடைந்துவிடுகிறது.

என்னிடம் 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று இருக்கிறது. கேட், ஆங்கிள் வேலைக்கு அது போதும். எனக்கு வருகிற மற்ற வேலைகளைச் சொல்கிறேன். முகப்பில் இருக்கும் வார்ப்பிரும்புக் கிராதியில் ஒரு இலை, ஒரு பூ உடைந்திருக்கும். ஊஞ்சல் சங்கிலியில் பித்தளை வளையம் விட்டுப்போயிருக்கும். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், மழைத்தண்ணீர் இறங்குகிற செம்புக் குழாய் மூட்டில் கசியும். இரண்டாங்கட்டில் கிடக்கிற அண்டாவின் அடியில் ஓட்டை இருக்கும். எப்போதாவது மெல்லிய தகரம் ஒட்டச் சொல்வார்கள்.

கேஸ் வெல்டிங் செட் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். அசிட்டிலீன் செட்டாக எடுத்துக்கொள், எல்லாம் அதிலேயே ஆகிவிடும் என்றார்கள். என் மச்சான் எல்.பி.ஜி.யும், அதாவது சமையல் கேஸும், ஆக்சிஜனும் போதும் என்கிறான். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். எனக்குத்தான் குழப்பம்.


தேவகோட்டைப்பட்டறை எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதிய பட்டியலை நீங்களே ஒரு முறை திரும்பப் படியுங்கள். அதில் எத்தனை வேலையில் மூல உலோகத்தை உருக்கிச் சேர்க்க வேண்டும்? தகரம் ஒன்றுதான். மற்றதெல்லாம் பிரேசிங். மூல உலோகம் உருகாது, நடுவில் விடுகிற கம்பிதான் உருகி ஓடும். பித்தளைக் கம்பிக்கு 900 டிகிரி பக்கம் வேண்டும், வெள்ளி கலந்த ஒட்டுக்கம்பியான வெள்ளிப் பற்றாசுக்கு 620 முதல் 700 வரை போதும். அதற்கு எல்.பி.ஜி.யும் ஆக்சிஜனும் தாராளமாகப் போதும்.

நான் 30 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். 2 டி.ஏ. சிலிண்டர், அதாவது அசிட்டிலீன் சிலிண்டர், வைத்திருந்த காலம் உண்டு. இப்போது ஒன்றுகூட இல்லை. தகரம் வந்தால் மிக் மெஷினில், அதாவது கம்பி தானாக வருகிற கரண்ட் வெல்டிங்கில், போடுகிறேன்.


டிங்கர்_திருப்பத்தூர் எழுதியது:

அண்ணன் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 20 வருடமாகக் கார் தகர வேலை பார்க்கிறேன். 1 மில்லி தகரத்தில் அசிட்டிலீன் டார்ச் பிடித்தால் கையில் பேனா பிடித்த மாதிரி இருக்கும். தையல் போட்ட பிறகு சுத்தியலால் தட்டினால் படியும். மிக் தையல் கடினமாக நிற்கும், தட்டினால் விரியும். எல்.பி.ஜி.யில் இரும்பை ஒட்டிப் பாருங்கள், நுரை நுரையாகக் கொதிக்கும், அடுத்த நாள் கையால் ஒடிக்கலாம். பாதி வேலைக்கு ஆகிற செட்டை எதற்கு வாங்குவது? கடைக்காரர் சொன்னது சரி.


ஐ.டி.ஐ._வாத்தியார் எழுதியது:

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், நேரம் இருக்கிறது, எழுதுகிறேன்.

இரும்பு உருக 1,500 டிகிரி பக்கம் போதும். ஆக்சிஜனோடு அசிட்டிலீன் 3,100-க்கு மேல் போகிறது, எல்.பி.ஜி. 2,800 போகிறது. சூடு மட்டும்தான் கணக்கு என்றால் இரண்டிலும் இரும்பு ஒட்ட வேண்டும். ஒட்டுவதில்லை. காரணம் சுடரின் வயிற்றில் இருக்கிறது.

அசிட்டிலீன் சுடரில் நுனிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கூம்பு தெரியும் அல்லவா, அதற்குள் ஒரு பங்கு அசிட்டிலீனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் எரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வெளியே வருகின்றன. அந்த இரண்டும் ஆக்சிஜனுக்குப் பசியோடு இருப்பவை. சுற்றிலும் இருக்கிற காற்றை இழுத்து எரியும்போது, உருகிய குழம்பின் மேல் ஒரு போர்வை போல நின்று காற்றைக் கிட்டே விடுவதில்லை. கூம்பு நுனியிலிருந்து 2, 3 மில்லி தள்ளிப் பிடித்தால் சூடும் அங்கேயே குவிகிறது, காவலும் அங்கேயே கிடைக்கிறது.

எல்.பி.ஜி.யில் அந்தப் போர்வை இல்லை. இரும்பை உருக்குகிற அளவு சூடு வேண்டுமென்று ஆக்சிஜனைக் கூட்டினால், அது இரும்பையே எரிக்கிறது. டிங்கர் தம்பி சொன்ன நுரை அதுதான். ஆனால் வெளிச்சுடரில் எல்.பி.ஜி.க்குச் சூடு அதிகம். ஒரு பெரிய வார்ப்பைப் பரவலாகக் காய்ச்ச வேண்டுமென்றால் அது நல்லது. வெட்டுவதற்கும் எல்.பி.ஜி. ஆகும், இரும்பு செக்கச் சிவக்க மட்டும் சற்று நேரம் கூட எடுக்கும்.

இன்னொன்று. எல்.பி.ஜி. மலிவு என்று கணக்குப் போடுபவர்கள் ஆக்சிஜன் கணக்கை மறந்துவிடுகிறார்கள். அசிட்டிலீனுக்குச் சிலிண்டரிலிருந்து ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று போதும், மீதியைக் காற்று தருகிறது. எல்.பி.ஜி.க்கு ஒன்றுக்கு நான்கு பக்கம் போகும். ஆக்சிஜன் இருக்கிற கறுப்புச் சிலிண்டர் சீக்கிரம் காலியாகும்.


வளவுப்பழுது எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. இத்தனை நாள் அசிட்டிலீன் சூடு அதிகம் என்பதால்தான் இரும்புக்கு அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சந்தேகம், திட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் சிவப்புச் சிலிண்டரையே இதற்கு எடுத்துக்கொண்டால் என்ன?


தேவகோட்டைப்பட்டறை எழுதியது:

திட்டத்தான் வேண்டும். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்கு எடுப்பது சட்டப்படி தப்பு. அதை விடுங்கள், வேலையும் ஆகாது. அடுப்பு ரெகுலேட்டர் தருகிற அழுத்தம் அடுப்புக்கானது, டார்ச்சுக்குப் போதாது. அதைக் கழற்றிவிட்டு நேரே ஹோஸ் மாட்டுகிறேன் என்று கிளம்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன், அப்படி யாரும் என் பட்டறைப் பக்கம் வர வேண்டாம்.

19 கிலோ நீலச் சிலிண்டர் எடுங்கள். அழுத்தம் கூட்டிக் குறைக்கிற எல்.பி.ஜி. ரெகுலேட்டர் தனியாகக் கிடைக்கும். ஹோஸும் எல்.பி.ஜி.க்கென்று இருப்பதையே வாங்குங்கள். அசிட்டிலீனுக்கான சிவப்பு ஹோஸில் எல்.பி.ஜி. விட்டால் உள் ரப்பர் நாளாவட்டத்தில் உப்பி வெடிக்கும். டார்ச் முனையில் மாட்டுகிற நாசிலும் வேறு. எல்.பி.ஜி. சுடர் மெதுவாக ஓடுவது, அசிட்டிலீன் நாசிலில் அது நிற்காமல் தூக்கிக்கொண்டு அணைந்துபோகும். வெட்டுகிற நாசிலில் எல்.பி.ஜி.யுடையது இரண்டு துண்டாகக் கழலும், உள்துண்டு கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். கடையில் கழற்றிப் பார்த்து வாங்குங்கள். பையன் எதையாவது எடுத்துப் போட்டுவிடுவான்.


ஆச்சிவீட்டுப்பேரன் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வெல்டிங் தெரியாது. சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு டிரம்மில் கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டு கேஸ் எடுப்பார்கள், பூண்டு மாதிரி ஒரு நாற்றம் அடிக்கும். அது என்ன ஆயிற்று?


ஐ.டி.ஐ._வாத்தியார் எழுதியது:

கார்பைடு டிரம். கால்சியம் கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வரும், அடியில் சுண்ணாம்புக் குழம்பு தங்கும். நாற்றம் அசிட்டிலீனுடையது அல்ல, கல்லில் இருக்கும் அழுக்கினால் வருகிற பாஸ்பீன். மாம்பழத்தைக் கல் வைத்துப் பழுக்க வைக்கக்கூடாது என்று தடை போட்டிருப்பதும் இந்தக் கல்லைத்தான்.

இன்னும் சில இடங்களில் அந்த டிரம்மை ஓட்டுகிறார்கள். வேண்டாம். அசிட்டிலீன் மற்ற வாயுக்களைப் போல இல்லை. அழுத்தம் ஏறினால் காற்றே இல்லாமல் தானாகச் சிதைந்து வெடிக்கும். அதனால்தான் ஹோஸில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது. சிலிண்டரில் அதிக அழுத்தத்தில் அடைக்க முடிவது எப்படி என்றால், உள்ளே கடற்பஞ்சு போல நுண்துளை நிறைந்த கட்டி ஒன்று இருக்கிறது. அதில் அசிட்டோன் ஊறியிருக்கும், அசிட்டோனில் வாயு கரைந்திருக்கும். டி.ஏ. என்பதே கரைந்த அசிட்டிலீன் என்றுதான் பொருள். அந்தக் கட்டியைச் செம்மைப்படுத்தியவர்களில் ஒருவர் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் டாலன். கலங்கரை விளக்குக்கு அசிட்டிலீன் எரிக்கும் கருவிகளுக்காக 1912-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம் அசிட்டிலீன் வெடித்து அவர் கண்பார்வை போயிற்று.


குட்டியானை_காரைக்குடி எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்ன அசிட்டோன் விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன்.

குன்றக்குடிப் பக்கம் ஒரு வேலை. மெரூன் நிற அசிட்டிலீன் சிலிண்டரைக் குட்டியானையில் படுக்கப் போட்டு எடுத்துப் போனேன், மேலே சாக்கு மூட்டை. இறக்கி நிறுத்தி உடனே ரெகுலேட்டரை மாட்டிப் பற்ற வைத்தேன். சுடர் ஒரு நிலையில் நிற்காமல் துப்பித் துப்பி எரிந்தது. ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஈரம், நெயில் பாலிஷ் வாசனை. அசிட்டோன் ரெகுலேட்டருக்குள் இறங்கிவிட்டது. அதன் உள்சவ்வான டயாபிரம் போயிற்று. அன்றைய கூலியைப்போல் மூன்று மடங்கு செலவு.

படுக்க வைத்து வந்துவிட்டால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரமாவது விட வேண்டும். நான் இப்போது ஓர் இரவு விடுகிறேன். அதைவிட நிற்க வைத்துச் சங்கிலி போட்டுக் கொண்டு வருவது மேல்.


டிங்கர்_திருப்பத்தூர் எழுதியது:

டி.ஏ.வைப் பற்றிப் பயமுறுத்துவதாகவே போகிறது இழை. எல்.பி.ஜி. மட்டும் என்ன சாதுவா? அது காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தங்கும். செட்டிநாட்டு வீட்டில் வளவுதான் இருப்பதிலேயே பள்ளம், தண்ணீர் போகிற சாக்கடை வாய் அங்கேதான் இருக்கும். அசிட்டிலீன் காற்றைவிடச் சற்று லேசு, மேலே போய்விடும்.


ஐ.டி.ஐ._வாத்தியார் எழுதியது:

நியாயமான பேச்சு, டிங்கர் தம்பி. வளவுப்பழுது தம்பி இதைக் குறித்துக்கொள்ளவும். சிலிண்டரை வளவுக்குள் இறக்காதே, தெருப்பக்கம் வை, ஹோஸை நீளமாக வாங்கு. ஆனால் எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். எல்.பி.ஜி. காற்றில் ஏறக்குறைய 2-லிருந்து 9.5 சதவீதம் கலந்தால்தான் பிடிக்கும். அசிட்டிலீன் 2.5-லிருந்து 80 வரைக்கும் பிடிக்கும்.


தேவகோட்டைப்பட்டறை எழுதியது:

கிராதி இலையை எப்படி ஒட்டுவது என்று தம்பி கேட்கவில்லை. ஆனால் முதலில் செட் போட்டதும் அதைத்தான் செய்யப்போகிறார், அதனால் சொல்கிறேன்.

முதலில் அது வார்ப்பிரும்பா என்று பாருங்கள். பழைய கிராதியில் இரண்டும் கலந்து இருக்கும். கம்பி அடித்துச் செய்ததாக இருக்கும், அதில் மாட்டிய பூ வார்த்ததாக இருக்கும். கிரைண்டரை லேசாகத் தொடுங்கள். வார்ப்பில் பொறி குட்டையாக, மங்கல் சிவப்பாக வரும். அடித்த இரும்பில் நீளமாக வரும். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் சர்க்கரை மாதிரி இருந்தால் வார்ப்பு.

இரண்டு முகத்தையும் சரிவாக அராவுங்கள். கிரைண்டர் போட்டால் வார்ப்புக்குள் இருக்கும் கிராஃபைட் பரவிப் பூசிக்கொள்ளும், அப்புறம் பித்தளை ஒட்டாமல் உருண்டு ஓடும். அதனால் அராவிய பிறகு ஆக்சிஜன் சற்றுக் கூடிய சுடரை முகத்தின் மேல் ஒரு முறை ஓட்டி அந்தக் கரியை எரித்துவிட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கிழவர், ஏன் என்று அவருக்கும் தெரியாது, ஆனால் விட மாட்டார்.

அப்புறம் செங்கல் நாலு அடுக்கி அதற்குள் வைத்துச் சுற்றிலும் காய்ச்சுங்கள். இலை மட்டும் சிவந்து தண்டு சூடேறாமல் இருந்தால் டிங் என்று ஒரு சத்தம் கேட்கும், வேறு இடத்தில் கீறல் விட்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்ட ராத்திரி தூக்கம் வராது. முழுதும் மங்கல் சிவப்பு வந்ததும் கம்பி நுனியைச் சூடாக்கி வெண்காரப் பொடியில் தோய்த்து வையுங்கள். பொடி முதலில் பொரியும், பிறகு கண்ணாடி மாதிரி தெளிந்து ஓடும். அந்தத் தெளிவு வந்த பிறகுதான் கம்பியைக் கொடுக்க வேண்டும். பித்தளை தண்ணீர் போல ஓடி முகம் முழுக்க நனைத்தால் பிடித்துவிட்டது. மணி மணியாக நின்றால் சூடு போதவில்லை அல்லது கரி இருக்கிறது.

முடிந்ததும் அடுப்புச் சாம்பலில் புதைத்து மறுநாள் காலை வரை தொடாதீர்கள். சீக்கிரம் ஆறினால் வார்ப்பு விறைத்துப்போகும். இத்தனைக்கும் எல்.பி.ஜி. போதும். வார்ப்பை ஆர்க்கில், அதாவது கரண்ட் வெல்டிங்கில், ஒட்ட நிக்கல் ராடு இருக்கிறது, ஆனால் அவ்வளவு மெல்லிய இலைக்கு நான் போட மாட்டேன்.


பாத்திரக்கடை எழுதியது:

பித்தளைச் சாமானுக்கு ஒரு வார்த்தை. பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது, அது 907 டிகிரியில் கொதிக்கும். பித்தளைக் கம்பியை வைத்துப் பித்தளை அண்டாவை ஒட்டினால் கம்பி உருகுவதும் அண்டா உருகுவதும் கிட்டத்தட்ட ஒரே நேரம். ஒரு நொடி பிசகினால் ஓட்டை உள்ளங்கை அளவு ஆகிவிடும். வெள்ளிப் பற்றாசு வாங்குங்கள், காசு கூடத்தான். ஆனால் கேட்மியம் கலந்தது வேண்டாம், அதன் புகை ஆளைக் கொல்லும், சமையல் பாத்திரத்தில் தொடவே கூடாது.

வெள்ளைப் புகை கிளம்பினால் துத்தநாகம் எரிகிறது என்று அர்த்தம். அன்று இரவு குளிர் காய்ச்சல் வரும், மறுநாள் போய்விடும். எங்கள் தாத்தா பால் குடித்தால் சரியாகும் என்பார். பால் குடிப்பதைவிடக் காற்றோட்டமான இடத்தில் உட்காருவது மேல்.

அண்டாவின் உட்புறம் ஈயம் பூசியிருந்தால் ஒட்டும் இடத்தில் முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகி மூட்டுக்குள் போய்ப் பற்றாசைக் கெடுக்கும். ஒட்டி முடித்த பிறகு நவச்சாரம் போட்டுப் புதிதாக ஈயம் பூச வேண்டும். ஈயம் பூச ஆக்சிஜன்கூட வேண்டாம், காற்றை இழுத்து எரிகிற எல்.பி.ஜி. டார்ச் போதும். செம்புக் குழாய் மூட்டுக்கும் பெரும்பாலும் அதுவே போதும்.

வெண்கலப் பானையைக் கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூட்டில் உடையும், ஆறும்போதும் உடையும். நானே வாங்க மாட்டேன்.


வளவுப்பழுது எழுதியது:

அப்படியானால் எல்.பி.ஜி.யும் ஆக்சிஜனும் என்று முடிவு செய்துவிட்டேன். தகரத்தை டிங்கர் அண்ணனிடம் அனுப்பிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மிச்சமாகிற காசில் வேறு என்ன வாங்குவது?


டிங்கர்_திருப்பத்தூர் எழுதியது:

கோபமில்லை தம்பி, தகரத்தைக் கொண்டுவாருங்கள்.

சுடர் ஹோஸுக்குள் பின்னோக்கி ஓடாமல் தடுக்கிற பிளாஷ்பேக் அரெஸ்டர் வாங்குங்கள். ரெகுலேட்டர் பக்கம் இரண்டு, டார்ச் பக்கம் இரண்டு, மொத்தம் நாலு. பணம் வீண் என்று என் முதலாளி போட விடமாட்டார். ஒரு நாள் நாசில் வாய் அடைத்துப் பட் பட் என்று அடித்தது, அப்புறம் விசில் மாதிரி ஒரு சத்தம், டார்ச் பிடி சுட்டது. சுடர் உள்ளே போய்விட்டது. ஆக்சிஜனை முதலில் மூடியதால் பிழைத்தேன். ஹோஸ் ஒரு முழம் கருகியிருந்தது. கை நடுக்கம் நிற்க ஒரு டீ போதவில்லை.


ஐ.டி.ஐ._வாத்தியார் எழுதியது:

அதோடு இன்னும் கொஞ்சம். ஆக்சிஜன் பக்கம் மரை வலது, எரிவாயுப் பக்கம் இடது, அதன் நட்டில் வெட்டுக்குறி இருக்கும். இறுகவில்லை என்றால் தப்பாக மாட்டுகிறாய், ஸ்பேனரால் மிதிக்காதே. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ ஒரு பொட்டு படக்கூடாது, நெருப்பே வேண்டாம், தானாகப் பிடிக்கும். வண்டிவேலை பார்த்த கையோடு தொடாதே. கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர். பற்ற வைக்கச் சிக்கிமுக்கி லைட்டர், பீடி நெருப்பு அல்ல. கண்ணுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி, பிரேசிங்குக்கு 3 அல்லது 4 எண் போதும். ஆர்க் கண்ணாடியைப் போட்டால் பொடி தெளிந்ததா என்றே தெரியாது.


வளவுப்பழுது எழுதியது:

மூன்று வாரம் ஆயிற்று, வந்து சொல்கிறேன்.

19 கிலோ சிலிண்டர் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, நாலு அரெஸ்டர், 10 மீட்டர் ஹோஸ், வெள்ளிப் பற்றாசு 5 கம்பி. சிலிண்டர் இரண்டும் தெருத் திண்ணைக்குக் கீழே சங்கிலியில் நிற்கின்றன. ஹோஸ் முகப்பைத் தாண்டி உள்ளே வருகிறது.

முதல் இலை கெட்டுப்போயிற்று. பித்தளை மணி மணியாக நின்றது, தேவகோட்டை அண்ணன் சொன்ன மாதிரியே. கிரைண்டர் போட்டுவிட்டுக் கரியை எரிக்காமல் விட்டிருந்தேன், படித்தும் மறந்துவிட்டேன். திரும்ப அராவி, சுடரை ஓட்டி, இரண்டாம் முறை வைத்தேன். பொடி தெளிந்ததும் கம்பியைத் தொட்டேன், ஒரே இழுப்பில் மூட்டுக்குள் போய்விட்டது. சாம்பல் வேண்டும் என்று பக்கத்து வீட்டு விறகடுப்பில் கேட்டு வாங்கினேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது மூட்டில் மஞ்சளாக ஒரு கோடு. வீட்டுக்கார ஆச்சி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடப்பா, பார்க்கத் தங்கம் வைத்து ஒட்டின மாதிரி இருக்கிறது, யாராவது பெயர்த்துக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்றார்.

வாத்தியார் ஐயா சொன்ன ஆக்சிஜன் கணக்கு உண்மை. கறுப்புச் சிலிண்டர் பாதி முடிந்துவிட்டது, எல்.பி.ஜி. குறைந்த மாதிரியே தெரியவில்லை. அடுத்தது ஊஞ்சல் வளையம். அது பித்தளையா, உள்ளே இரும்பு வைத்துப் பித்தளைத் தகடு போர்த்தியதா என்று தெரியவில்லை. காந்தம் ஒட்டுகிறது.


தேவகோட்டைப்பட்டறை எழுதியது:

ஒட்டினால் உள்ளே இரும்புதான். டார்ச்சைத் தூக்க வேண்டாம், தகடு ஒரு பக்கம் உப்பிக்கொள்ளும். சனிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன், வந்து பார்த்துச் சொல்கிறேன். ஊஞ்சலில் அதுவரை யாரையும் உட்கார விடாதீர்கள்.